சயனைடு எம்மாத்திரம்?

என் சம்சாரத்துக்குக் கண்புரை ஆபரேஷன் என்று தேதி குறித்ததும் எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். கவலை ஆபரேஷனைப் பற்றி இல்லை. "ஒரு மாசம் அடுப்பங்கரைப் பக்கமே போகக் கூடாதாமே, ஆக்கிப் போடறது யாரு?"

"நான்தான்" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பி, "ஆபரேஷனக் கொஞ்சம் தள்ளிப்போட முடியாதாம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் யார்? கோலார் தங்கவயல் மில்லில் சயனைடு செக்‌ஷனில் 1982-இல் சேர்ந்து, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தையே இழுத்து மூடும்வரை வேலை பார்த்தவன். ஒரு சிட்டிகைகூட வேண்டாம், அதில் பாதி உள்ளே போனாலே ஆளைச் சாய்த்துவிடும் சரக்கோடு பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தி முழுசாக வீடு வந்து சேர்ந்தவன். எனக்கா சுத்தம் சொல்லித் தர வேண்டும்? கையைத் தேய்த்துக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொட்டதில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு வேர்க்கடலையைக்கூட வாயில் போட்டதில்லை. போட்ட சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தால் சம்சாரம் விடமாட்டாள் என்பது வேறு விஷயம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பாறையில் தங்கம் கட்டிகட்டியாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரை வைத்து எடுத்த அந்த 2018 சினிமா வந்த பிறகு இன்னும் மோசம். உண்மையில் ஒரு டன் பாறையை உடைத்தால் கடைசிக் காலத்தில் சில கிராம்தான் தேறும். அதுவும் கண்ணுக்கே தெரியாது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் தங்கம் கரைந்து தண்ணீருக்கு வந்துவிடும். பிறகு துத்தநாகத்தைப் போட்டுத் தங்கத்தை மீட்டெடுக்க வேண்டும். 1887-இல் கிளாஸ்கோ நகரத்தில் கண்டுபிடித்த வித்தை இது. ராத்திரி அடிப்பிடித்த பால் பாத்திரத்தை ஊறப்போட்டுக் காலையில் தேய்க்கும் பெண்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஒரே வித்தியாசம், நாங்கள் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊறின தண்ணீரை வைத்துக்கொள்வோம்.

சுரங்கம் மூடிய பிறகு, ஊரில் பாதிப்பேர் செய்ததைத்தான் நானும் செய்தேன். விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர், ராத்திரி ரயிலில் திரும்ப எங்கள் ஊர் ஸ்டேஷன் மாரிக்குப்பம். ஒரு கோடவுனில் ஸ்டாக் எழுதும் வேலை. இப்படியே பதினெட்டு வருஷம். ஆக, எங்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அங்கிருந்து தட்டு வரும், அங்கே தட்டு போகும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சம்சாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு, எம்.ஜி.ஆர். மாதிரி உட்கார்ந்துவிட்டாள். குனியக் கூடாது, புகை படக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்ல மறந்துவிட்டார்.

முதல் நாள் நான் எடுத்த காரியம் பளபளப்பு. இரும்பு நார் வாங்கி வந்து எவர்சில்வர் குடத்தைத் தேய்த்தேன். பித்தளை அண்டாவுக்குப் புளி. குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும். அடுப்பைத் தேய்த்த தேய்ப்பில் கம்பெனி பெயரே அழிந்துபோனது. மத்தியானத்துக்குள் அடுப்பங்கரை நகைக்கடை மாதிரி மின்னியது. முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், சீவியும் கொண்டேன்.

"எப்படி இருக்கு?" என்றேன், அவளுக்கு இன்னும் சரியாகக் கண் தெரியாது என்பதை மறந்து.

அவள் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். "கரித்துணி நாறுது" என்றாள்.

மில்லில் அஸ்ஸே ஆபீஸ் என்று ஒன்று உண்டு. சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் எவ்வளவு தங்கம் என்று சோதித்துச் சொல்லும் இடம். மேலே துரை, கீழே கூலி, யார் என்ன சொன்னாலும் அங்கே சொல்வதுதான் கணக்கு. எங்கள் வீட்டு அஸ்ஸே ஆபீஸ் என் சம்சாரத்தின் மூக்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரித்துணியை எடுத்துப் பார்த்தேன். என் பழைய வேட்டியிலிருந்து கிழித்தது. காலையில் ஆணியில் மாட்டும்போது வெள்ளையாகத்தான் இருந்தது. அதன் அன்றைய பொழுதைக் கொஞ்சம் பின்னோக்கி நினைத்துப் பார்த்தேன். பால் பொங்கியது, துடைத்தேன். பால் பாத்திரத்தை இறக்கினேன். மத்தி மீன் நறுக்கிய கத்தியைத் துடைத்தேன். அடுப்பு மேடையில் மீன் தண்ணீர் வழிந்தது, அதையும் துடைத்தேன். நெற்றி வியர்வையைத் துடைத்தேன். தரையில் சிந்திய குழம்பு. அப்புறம், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தட்டு ஈரமாக இருக்கிறதே என்று இரண்டு தட்டையும் அதே துணியால் நன்றாகத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, அதில் சோறு போட்டு, ஒன்றை ஆபரேஷன் செய்துகொண்ட மனுஷியிடம் கொடுத்தேன். மிச்சப் பொழுதுக்குத் துணி அடுப்புப் பக்கத்து ஆணியில், ஈரம் காயாமல், கதகதப்பாகத் தொங்கியது. கிருமிக்குக் குழந்தை பிறந்தால்கூட இவ்வளவு வசதியாகத் தொட்டில் கட்ட மாட்டார்கள்.

"நாலு ஆணி அடிச்சு வெச்சிருக்கேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?" என்றாள்.

ஒன்று பாத்திரம் இறக்க. ஒன்று மேடை துடைக்க. ஒன்று கை துடைக்க. ஒன்று தட்டு, டம்ளருக்கு மட்டும். முப்பத்தைந்து வருஷமாக நாலு ஆணியில் நாலு துணி. நாலும் தினம் சாயங்காலம் சோப்பில் அலசி வெயிலுக்கோ, மழைக்காலத்தில் அடுப்புக்கு மேல் கயிற்றுக்கோ போகும். நான் அந்த ஆணிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் துணி போக மிச்சம் மூன்றும் சும்மா இருக்கிறதே என்று அன்று காலையில்தான் ஒன்றில் பையை மாட்டினேன், ஒன்றில் சட்டையை, ஒன்றில் குடையை.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவள் இந்த மாதிரி விஷயங்களைப் படிக்கிற வேலையில் இருக்கிறாள். அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எனக்கு வகுப்பு நடந்தது.

உலக சுகாதார நிறுவனம் பத்திரமான சாப்பாட்டுக்கு ஐந்து வழி என்று ஒரு போஸ்டர் போட்டதாம். சுத்தமாக வை, பச்சையையும் வெந்ததையும் ஒன்றாக வைக்காதே, நன்றாக வேகவை, சூடானதைச் சூடாகவும் குளிர்ந்ததைக் குளிர்ச்சியாகவும் வை, நல்ல தண்ணீர், நல்ல பொருள் பயன்படுத்து. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிக்குக் கொண்டாட்டம் என்றும் விளக்கினாள்.

"எப்ப போட்டாங்க போஸ்டர்?"

"2001."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷம் எங்கள் ஊர்க்காரன் எவன் கண்ணில் போஸ்டர் பட்டிருக்கும்? வாசல் கேட்டில் ஒட்டியிருந்த மூடல் நோட்டீஸைத் தவிர வேறெதையும் யாரும் படிக்கவில்லை.

"அப்பா, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் வாங்கி வெச்சிருக்கீங்களாமே, அதையாவது அடிக்கடி மாத்துங்க" என்றாள். ஜெர்மனியில் 2017-இல் பதினாலு வீட்டு ஸ்பாஞ்சுகளை எடுத்து ஆராய்ந்தார்களாம். ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவில், சில இடங்களில் ஐயாயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா இருந்ததாம். உலக ஜனத்தொகையே எண்ணூறு கோடிதான். கொதிநீரில் போட்டு, மைக்ரோவேவில் வைத்துச் சுத்தம் செய்ததாகச் சொன்னவர்கள் வீட்டு ஸ்பாஞ்சிலும் கூட்டம் குறையவில்லை. நாறுகிற ரகம்தான் அதிகமாகிவிட்டது. வாரத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள் என்று ஆராய்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

சம்சாரம் நாற்காலியிலிருந்து, "நான் தேங்கா நார்ல தேய்ச்சு அடுப்புல போட்டுடுவேன், நாளைக்கு வேற நாரு" என்றாள். ஜெர்மனிக்காரர்கள் எங்கள் லைன் பக்கம் வந்திருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

கோழியைக் கழுவாதே, கழுவினால் கிருமி தண்ணீரோடு சிதறி மேடையெல்லாம் தெறிக்கும் என்றும் மகள் சொன்னாள். இதற்கு மட்டும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாத கோழி எங்கள் வீட்டுக்குள் வெந்ததே இல்லை. போனில் அரை மணி நேரம் வாக்குவாதம். விஞ்ஞானம் மகள் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சோறு போடுபவள் இந்தப் பக்கம். அந்த மாதம் முழுக்க நான் கோழியே வாங்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கரித்துணி விஷயத்தில் பட்ட அவமானம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மறுநாள் தெருவில் ஃபினாயில், ஆசிட் விற்கிறவன் சைக்கிளில் வந்தான். ஒரு பாட்டில் ஆசிட் வாங்கினேன். வீட்டில் பிளீச்சிங் பவுடர் இருந்தது. இரண்டும் தனித்தனியாகவே கிருமியைக் கொல்லும், சேர்த்தால் எவ்வளவு கொல்லும் என்று கணக்குப் போட்டேன்.

பாத்திரம் கழுவுகிற தொட்டியின் சாக்கடை வாயில் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, அதன் மேல் ஆசிட்டை ஊற்றினேன். புஸ் என்று நுரைத்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை. அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டையில் யாரோ நெருப்புக்குச்சியைக் கிழித்த மாதிரி. கண்ணில் ஆறு. சம்சாரத்தை நாற்காலியோடு வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கண்ணாடி கழலாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ. லைனே கூடிவிட்டது. பெரியம்மாவின் முகத்தில் "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று எழுதியிருந்தது.

அது குளோரின். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தில் ஈப்ரெ என்ற ஊர்ப் பக்கம் ஜெர்மன் படை எதிரியின் பதுங்குகுழிகளுக்குள் விட்டதும் இதே வாயுதான். அவர்கள் சிலிண்டர் சிலிண்டராகக் கொண்டுபோனார்கள். நான் நூறு ரூபாய்க்குள் முடித்துவிட்டேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், இது எனக்குத் தெரியாத பாடமே இல்லை. சயனைடு செக்‌ஷனில் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி சொல்லித் தந்தது இதைத்தான். சயனைடுத் தண்ணீரில் எப்போதும் சுண்ணாம்பு கலந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தாலோ, ஆசிட் ஒரு சொட்டு பட்டாலோ விஷ வாயு கிளம்பிவிடும். "ஆசிட்டும் நம்ம சரக்கும் மாமியார் மருமக மாதிரி. ஒரே ரூம்ல விடாதே" என்பார். பத்தொன்பது வருஷம் சுண்ணாம்பு அளவை மணிக்கு மணி பார்த்தவன் நான். பெரிய தொட்டியில் பொறுப்பாக இருந்துவிட்டு, வீட்டுத் தொட்டியில், அதுவும் டம்ளர் கழுவுகிற தொட்டியில் போய்...

சயனைடு என்றால் பயம் இருந்தது. எலும்புக்கூடு படம் போட்டு எழுதியிருந்தது. அடுப்பங்கரையில் யாரும் எலும்புக்கூடு படம் மாட்டவில்லை. சம்சாரம் அந்தப் படமில்லாமலே எப்படி முப்பத்தைந்து வருஷம் ஓட்டினாள் என்று வாசலில் இருமிக்கொண்டே யோசித்தேன். பதில் வரவில்லை, இருமல்தான் வந்தது.

இரண்டாவது வாரம் ஆடிக் காற்று ஆரம்பித்தது. ஆடிக் காற்று என்றால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம். நூறு வருஷத்துக்கு மேலாகப் பாறையை மாவாக்கி, தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக்கொட்டி ஊர் நடுவே மலைமலையாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். சயனைடு மலை என்போம், டம்ப் என்போம். அதிலிருந்த சயனைடு வெயிலில் நாளாக ஆகச் சிதைந்துபோகும். ஆனால் மாவு எங்கே போகும்? காற்று அடித்தால் எங்கள் வீட்டுக்கு வரும். சினிமாக்காரர்கள் அங்கே சண்டைக் காட்சி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் புழுதியைத் துடைப்பது நாங்கள்.

நான் பளபளவென்று தேய்த்து வரிசையாக நிமிர்த்தி வைத்திருந்த பாத்திரங்களைக் காலையில் பார்த்தால், ஒவ்வொன்றிலும் முகப்பவுடர் பூசினாற்போல ஒரு பூச்சு. விரலால் தொட்டுப் பார்த்தேன். என் பழைய வேலை. 1980-களில் நானே அரைக்கக் கூட இருந்த மாவாகக்கூட இருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து என் சாம்பார்க் குண்டானைத் தேடி வந்திருக்கிறது.

"கவுத்து வைங்க" என்றாள் நாற்காலியிலிருந்து.

அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டில் எந்தப் பாத்திரமும் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டம்ளர் கவிழ்ந்திருக்கும், குண்டான் கவிழ்ந்திருக்கும், தட்டு முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். தண்ணீர்க் குடத்துக்கு மூடி, மூடிக்கு மேல் ஒரு தட்டு, தட்டுக்கு மேல் சொம்பு, சொம்பும் கவிழ்த்து. பெண்களின் பழக்கம், சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். டம்ப்தான் சாஸ்திரம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் சுரங்கத்துக்கும் ஊருக்கும் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர்தான். இப்போது குடிக்கக் காசு போட்டு வாங்குகிற கேன் தண்ணீர், கழுவ போர் தண்ணீர். எங்கள் கோலார் மாவட்டத்து போர் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு. பல்லில் கறை காட்டிக் கொடுத்துவிடும். 2018 முதல் பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டா பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து எங்கள் மாவட்ட ஏரிகளில் விடுகிறார்கள், நிலத்தடி நீர் ஊற வேண்டும் என்று. என் மகள் இருப்பது அந்தப் பக்கம்தான். அவள் அங்கே அலசிய தண்ணீர் சுற்றிச்சுற்றி இந்த மாவட்டத்துக்கே வருகிறது. "ஸ்பாஞ்சை எங்க கழுவறே?" என்று அவளிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது. நாலு துணி நாலு ஆணியில். மீனுக்கு ஒரு கத்தி, காய்க்கு ஒரு கத்தி. சோறு மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜ், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறு. ராத்திரி தொட்டியில் எச்சில் பாத்திரம் இல்லை. சாயங்காலம் நாற்காலி மூக்கை உறிஞ்சும். ஒன்றும் சொல்லாது. அஸ்ஸே ஆபீஸில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாஸ் என்று அர்த்தம். எனக்குள் லேசாகக் கர்வம் ஏறியது. லைனில் இரண்டு ரிட்டயர்டு ஆட்களுக்குக் கரித்துணியைப் பற்றி உபதேசம்கூடச் செய்தேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கர்வத்தின் உச்சத்தில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் அடுப்பங்கரையில் ஒரே ஒரு மங்கல் பல்பு. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்ட ஊர் இது. பெங்களூருக்கு விளக்கு எரிவதற்கு முன்னாலேயே எங்கள் சுரங்கத்தில் எரிந்தது. ஆனால் எங்கள் அடுப்பங்கரை வெளிச்சத்தைப் பார்த்தால் கரண்ட் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது என்று தோன்றும். சம்சாரம் முழுக்கண்ணோடு வரும் நாளில் என் உழைப்பு நன்றாகத் தெரிய வேண்டுமே என்று புது எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, பார்வை அருமையாக வந்துவிட்டது என்றார். கறுப்புக் கண்ணாடி பெட்டிக்குள் போனது. வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் ஸ்விட்சைப் போட்டேன். வெளிச்சம் வெள்ளமாகக் கொட்டியது. கவிழ்த்த பாத்திரம், நாலு துணி, காய்ந்த தொட்டி, கோடு போட்ட மாதிரி டப்பாக்கள். கைகட்டி நின்றேன்.

அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அடுப்புக்கு மேலே சுவர், தாளிப்புப் புகையும் எண்ணெயும் படிந்து, தேன் கலரிலிருந்து தார் கலர் வரைக்கும். பரணுக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே ஒட்டடை கறுப்பு நூலாக ஆடியது. மிளகாய்ப்பொடி டப்பாவின் மூடியில் பிசுக்கு, அதன் மேல் டம்ப் மாவு, அதன் மேல் மறுபடி பிசுக்கு. பாறை அடுக்கு மாதிரி வருஷம் எண்ணலாம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரை ஒரே நாளில் வந்திருக்காது. ஏழெட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியிருக்க வேண்டும். மூக்குக்கு எட்டியது எல்லாம் சுத்தம். கண்ணுக்கு எட்டாமல் போனது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. இருபது வருஷத்துக்கு முன்னால் பார்த்த கண்.

"ஏங்க, ஒரே மாசம்தானே உங்ககிட்ட விட்டேன்? அதுக்குள்ள இப்படியா ஆக்கி வெச்சிருப்பீங்க?"

வாயைத் திறந்தேன். ஏழு வருஷத்துக் கரியை நான் ஒரு மாதத்தில் எப்படிப் படியவைக்க முடியும் என்று கேட்கலாம். உன் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லலாம். முந்நூற்றறுபத்தைந்து நாளும் நாலு துணியை அலசிக் காயப்போட்டவளிடம் போய் அதைச் சொல்கிற தைரியம், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கேஜில் இறங்கிப் போனவர்கள் நிறைந்த இந்த ஊரில் எவனுக்கும் இருக்காது.

"கொஞ்சம் அசந்துட்டேன்" என்றேன்.

பெரியம்மா வீட்டில் ஏணி இருந்தது. கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டாள் பெரியம்மா. சொன்னேன். "அந்தப் புது பல்பைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டக் கூடாதாப்பா?" என்றாள்.